பழைய ஜீப் வாங்கியவர்களுக்கு: முதல் முப்பது நாள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத சில உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் மடலில் வெளியிடப்படுகிறது.)



நம் பார்க்கிங்கில் இந்த ஒரு வருடத்தில் நான்கு ஜீப் வகை வண்டிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு தார், ஒரு ஜிப்ஸி, ஒரு பழைய மஹிந்திரா. நான்குமே செகண்ட் ஹேண்ட். இன்னும் இரண்டு வீடுகளில் பேச்சு நடந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், வீட்லயும் ஒரு ஜீப் வச்சிருக்கீங்க, அரை மணி நேரம் பேசுங்க" என்றார் செயலாளர். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். ஆனால் வாகனக் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை ஆர்.சி. புத்தகங்களைப் புரட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. என்னிடம் இருக்கும் மஹிந்திரா 540 ஜீப்பும் நான் இரண்டாவது கையாக வாங்கியதுதான். அந்த அளவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கிய தம்பிகளிடம் பேசிப் பார்த்தேன். முதல் மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பெரிய டயர் மாற்றினேன், மேலே லைட் பார் போட்டேன், முன்னால் கம்பி வைத்தேன் என்கிறார்கள். பெயர் மாற்றியாயிற்றா என்றால், "புரோக்கர் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கார் சார்" என்கிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்தப் பதில்தான். அதனால் காகிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இது ஜீப் வாங்கியவர்களுக்கு மட்டும் இல்லை. பழைய காரை விற்றவர்களும் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50. வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் அவருக்கு 45 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்பவர் கையெழுத்திடுவது படிவம் 29, வாங்குபவர் தருவது படிவம் 30. நம் ஊரில் நடப்பது என்ன? தேதி போடாமல் இரண்டு படிவத்திலும் கையெழுத்து வாங்கி புரோக்கர் தன் பையில் வைத்துக்கொள்கிறார். வண்டி ஒரு கை மாறும், இரண்டு கை மாறும், ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறாது.

இதனால் என்ன வரும் என்பதற்கு ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்கிறேன். நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018 பிப்ரவரி. விஜய் குமார் என்பவர் தன் காரை 2007-லேயே விற்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறி நவீன் குமாரிடம் வந்து சேர்ந்தது. பெயர் மாற்றம் நடக்கவே இல்லை. 2009 மே மாதம் அந்தக் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பெண்மணியும் அவருடைய உறவுப் பையனும் அடிபட்டார்கள். பையன் இறந்துபோனான். இழப்பீட்டை யார் கொடுப்பது என்று வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி டெல்லி வரை போயிற்று. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், பொறுப்பு அவருடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடம் முன்பு விற்றுவிட்டு அந்தக் காரையே மறந்துபோன மனிதர் தலையில் வந்து விழுந்தது. நம் வளாகத்தில் ஜீப் வாங்குவதற்காகப் பழைய ஆல்டோவையோ ஸ்விஃப்ட்டையோ தள்ளிவிட்டவர்கள் இன்று இரவே மொபைலில் பரிவாகன் செயலியைத் திறந்து, பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயர் காட்டினால் நாளைக்கே வேலையை ஆரம்பியுங்கள்.

விற்பவர் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று வாங்கியவரும் இருக்க முடியாது. விற்றவர் காலமாகிவிட்டால் படிவம் 29-இல் கையெழுத்துப் போட ஆள் இல்லை. அதன் பிறகு வாரிசுகள் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றி, பிறகு உங்களுக்கு மாற்ற வேண்டும். வாரிசுகள் நான்கு பேர், ஒருவர் துபாயில், ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை என்றால் நினைத்துப் பாருங்கள். வங்கியில் நான் பார்த்த சிக்கல்களில் பாதி இந்த வகை. ராணுவம் கழித்த ஜிப்ஸி, ஜோங்கா, வங்கி பிடித்து ஏலம் விட்ட தார் இவற்றை ஏலத்தில் எடுத்தால் படிவம் 32. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால், முதலில் அவர் பெயருக்கு வந்தாயிற்றா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

வண்டி கைக்கு வந்த நாளன்று டெலிவரி நோட் எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். தேதி மட்டும் போதாது, மணியும் எழுதுங்கள். அன்று காலை பத்து மணிக்கு அந்த வண்டி எங்கேயாவது இடித்திருந்தால் அது யார் கணக்கு என்பதை அந்த ஒரு வரி தீர்த்துவிடும். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் அப்போதே பார்த்து, விற்பவரையே கட்டச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நம் பழைய மேசைச் சமாசாரம், ஹைப்போதிகேஷன். ஆர்.சி.யில் எச்.பி. என்று ஒரு வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். "லோன் எப்பவோ முடிஞ்சுது சார்" என்பார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். கடன் முடிந்ததும் வங்கி தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுக்கும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ரத்து செய்தால்தான் பெயர் போகும். பாதிப் பேர் அந்தக் கடிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பெரும்பாலான வங்கிகளில் அதற்கு மூன்று மாதம்தான் ஆயுள், அதற்குப் பிறகு புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து பெயரே மாறிப்போயிருந்தால் இன்னும் அலைச்சல். அந்த அலைச்சல் விற்பவருடையதாக இருக்கட்டும். எச்.பி. நீங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வெளிமாநில வண்டி விலை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். புதுச்சேரி எண், கர்நாடக எண். டெல்லிப் பக்கத்து டீசல் வண்டிகளும் வருகின்றன. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதிலிருந்து அங்கிருந்து தெற்கே வரும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் படிவம் 28, அதாவது அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம் மாநில எண்ணுக்கு மாற்றியாக வேண்டும், அது பிரிவு 47. இந்தச் செலவையெல்லாம் விலையோடு கூட்டிப் பாருங்கள். இங்கேயே டிஎன் 45, டிஎன் 48 எண்ணில் இருக்கும் வண்டி பல சமயம் மலிவாகவே முடியும்.

15 வருடத்தை நெருங்கும் வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு ஐந்தைந்து வருடம். புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. அதற்குப் பிறகும் மிகப் பழைய வண்டிகளுக்கு ஏற்றியிருக்கிறார்கள், அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பசுமை வரி தனி. ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் சேஸ் எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பழைய ஜீப்பில் அந்த இடத்தில் பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி எண்ணே தெரியாமல் இருக்கும். சுரண்டிப் பார்க்க விற்பவர் விடவில்லை என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவர் சம்பாதித்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். சிசி-யைக் கவனியுங்கள். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1500 சிசி-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. 1000-க்கு மேல் 1500-க்குள் என்றால் 3,416.

சிசி பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃபோர் வீல் என்று நினைத்து டூ வீல் டிரைவ் வாங்கியவர்கள் உண்டு. மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்களைப் பூட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து, உயரமாக இருக்கும் எல்லாமே நமக்கு "ஜீப்" தான். ஆனால் நம் ஊரில் ஓடும் பொலிரோக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் இழுவை. தார் 2010-ல் வந்தது, புது வடிவம் 2020 அக்டோபரில். 2023 ஜனவரியில் பின் சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் வந்துவிட்டது, அதில் 1497 சிசி டீசல் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் கடையில் அது கிடைக்கும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது வண்டிக்குக் கீழே குனிவோம்.

சாதாரணக் காரை வாங்கும்போது மேலே பார்க்கிறோம். இந்த மாதிரி வண்டியைக் கீழேயிருந்து பார்க்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் அதை ஆற்றிலும் சேற்றிலும் இறக்கியிருக்கலாம், வண்டியின் பழைய சரித்திரம் அடியில்தான் எழுதியிருக்கும். பட்டறையில் பள்ளத்தின் மேல் நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா? அடி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துருப்பிடித்த இடம் பொத்தென்று கேட்கும். கடற்கரை ஊரில் ஓடிய வண்டியென்றால் இதை இரண்டு தடவை செய்யுங்கள்.

கியர் பாக்ஸ், அதன் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் என்று ஃபோர் வீல் வண்டியில் கியர் ஆயில் நான்கு இடத்தில் இருக்கிறது. சாதாரணக் கார் பார்க்கும் மெக்கானிக் முன் கிரவுனை மறந்தே போவார். நான்கிலும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். முந்தைய ஓனர் "நான் ரோட்டை விட்டு இறக்கினதே இல்லை" என்று சத்தியம் செய்தாலும் ஆயில் பொய் சொல்லாது. வாங்கிய முதல் வாரத்தில் நான்கு ஆயிலையும் மாற்றிவிடுங்கள், பிரேக் ஆயிலையும் கூலன்ட்டையும் சேர்த்து. ஷாஃப்ட்டில் உள்ள கிராஸ்களுக்கு கிரீஸ் அடியுங்கள். ஸ்பிரிங் பட்டை விட்டிருக்கிறதா, யு போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஜீப், ஜிப்ஸி இரண்டிலும் அறுபது எழுபது வேகத்தில் ஸ்டீயரிங் தடதடவென்று ஆடினால் பேலன்சிங் செய்து அனுப்பிவிடுவார்கள். அதோடு விடாதீர்கள், கிங் பின் பேரிங்கும் டை ராடு எண்டும் தேய்ந்திருக்கும். அது கையை மீறிப்போனால் வண்டியைப் பிடிக்க முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று பார்த்தோம். அவற்றில் பல கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியில் தெரியும் பாகம் சுத்தமாக இருக்கும். எப்போதும் சுருண்டே இருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு தெரிந்தால் புரிந்துகொள்ளலாம்.

டயரில் நான்கு இலக்கத்தில் தயாரித்த தேதி இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் வருடம் 35-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான். ஃபோர் வீல் வண்டிக்கு நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு போட்டு ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வீணாகிவிடும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேரமே பேச வேண்டும் என்பது என் கணக்கு. லைட் பார் வாங்க அதில் கை வைக்காதீர்கள்.

அந்தக் குட்டி லீவரைப் பற்றி. டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ என்று மூன்று நிலை. தினசரி ஓட்டத்துக்கு டூ ஹை. புத்தூர் நால்ரோட்டில் ஃபோர் ஹை போட்டுக்கொண்டு போவதில் பெருமை ஒன்றும் இல்லை. வளைவில் முன் சக்கரம் கடக்கும் தூரம் அதிகம், பின் சக்கரம் கடக்கும் தூரம் குறைவு. ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க முடியாமல் முறுக்கு ஏறி, லீவரே திரும்ப வராது. சேறு, மணல், ஈரப்புல், கல் பாதை இவற்றுக்கு மட்டும் ஃபோர் ஹை. ஃபோர் லோவில் வேகம் இரண்டு, இரண்டரை மடங்கு குறையும், இழுவை அந்த அளவு கூடும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பிறகு போடுங்கள். சில ஜிப்ஸிகளில் முன் சக்கர ஹப்பையும் இறங்கிக் கையால் திருப்ப வேண்டும். அது தெரியாமல் லீவரைப் போட்டுவிட்டு "ஃபோர் வீல் வேலை செய்யலை" என்று சொல்பவர்கள் உண்டு. மாதம் ஒரு தடவையாவது மண் தரையில் கொஞ்ச தூரம் ஃபோர் வீலில் ஓட்டினால்தான் உள்ளே ஆயில் சுற்றும்.

இன்னொரு தப்பெண்ணம். ஃபோர் வீல் இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். எந்தக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. ஃபோர் வீல் நம்மை ஏற்றிவிடும், இறக்கத்தில் நிறுத்தித் தராது. வண்டி உயரம், கனம் அதிகம். வளைவில் வேகமாகத் திருப்பினால் கார் சறுக்கும் இடத்தில் ஜீப் கவிழும். நம் ஊரில் வண்டி வாங்கியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதில் சிரமம் இல்லை. இறங்கும்போது எழுபது வளைவுக்கும் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் பிரேக் சுட்டுக் கருகி, மிதித்தால் பிடிக்காத நிலை வரும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய பஸ் டிரைவர்கள் கணக்கு. இரண்டாவது கியரில் எஞ்சினே பிடித்துக்கொண்டு வரும், தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரேக்கை மிதித்து விடுங்கள். என்னைக் கேட்டால் முதல் பயணம் துறையூர், உப்பிலியபுரம் வழியாகப் பச்சமலை. டாப் செங்காட்டுப்பட்டி வரை போய் டீ குடித்துவிட்டு வெளிச்சத்திலேயே இறங்கி வந்தால் வண்டியின் குணம் தெரிந்துவிடும். அங்கேயும் சரி, கொல்லிமலையிலும் சரி, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்குவது வனச் சட்டப்படி குற்றம். பாதை தெரிகிறது என்பதற்காக அது நமக்குப் போட்ட பாதை ஆகிவிடாது.

காவிரி மணலில் இறக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் என்பதே என் பதில். ஆற்றைக் கெடுப்பது ஒரு பக்கம். மேட்டூரில் திறப்பதும் முக்கொம்பில் திருப்பிவிடுவதும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளையே கொண்டுபோன தண்ணீர் அது. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரிய வண்டியையும் மிதக்கவிட்டுவிடும் என்று அமெரிக்க வானிலைத் துறை மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலும் அதே யோசனைதான். ஹப் உயரத்துக்கு மேல் என்றால் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தனி ஆட் ஆன் எடுக்காமல் இருந்தால் இன்சூரன்ஸில் அதற்குப் பணம் கிடைப்பது சந்தேகம்.

யாராவது சேற்றில் மாட்டிக்கொண்டால் கயிறு கட்டி இழுப்போம். பம்பரில் கட்டாதீர்கள், சேஸில் உள்ள கொக்கியில் கட்டுங்கள். இழுக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அறுந்த கயிறு சாட்டையாக வந்து அடித்தால் உயிர் போகும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மாற்றங்கள் விஷயத்துக்கு வருகிறேன், இங்கே தம்பிகளுக்கு என் மேல் கோபம் வரும். பிரிவு 52-இன்படி, தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். முன்னால் வைக்கும் இரும்புக் கம்பியை 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணம் நியாயமானது. காரின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. கம்பி நசுங்காது, அந்த அடி முழுக்க நடந்து போகிறவர் மேல் போகும். ஏர்பேக் விரிவதும் கெடலாம். வாங்கும்போதே கம்பியோடு வந்தால் கழற்றி எடைக்குப் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் பார்ப்பது இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

கடைசியாக நம் வளாகம். ஜீப் இல்லாதவர்கள் இதுவரை பொறுமையாக இருந்தீர்கள், இது உங்களுக்கு. இந்த வண்டிகளின் பானெட் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் சில அடி தூரத்துக்குத் தரையே தெரியாது. நம்புங்கள், போன வாரம் 'பி' பிளாக் முன்னால் நம் ஜிப்ஸிக்காரத் தம்பியை உட்காரவைத்து, முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து அளந்து பார்த்தோம். வாளியைத் தள்ளிக்கொண்டே போய், அவர் கண்ணில் பட்டபோது வண்டி மூக்கிலிருந்து எட்டு அடி தாண்டியிருந்தது. நம் வளாகத்தில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளில் பாதிப் பேர் அந்த வாளியைவிடக் கொஞ்சம்தான் உயரம். பின்னால் ஸ்டெப்னி தொங்குவதால் கண்ணாடி வழியாகவும் பாதிதான் தெரியும். அந்தத் தீர்ப்பில் சொன்ன பையன் அடிபட்டதும் ரிவர்ஸில்தான். ரிவர்ஸ் கேமரா போட்டுக்கொள்ளுங்கள், செலவு செய்யத் தகுந்த ஒரே அலங்காரம் அது. வண்டியை எடுக்கும் முன் ஒரு முறை இறங்கிச் சுற்றி வாருங்கள். வாகனத்தை நிறுத்தும்போது மூக்கு வெளியே பார்க்கும்படி நிறுத்துங்கள். தாரின் உயரம் ஏறக்குறைய 1.85 மீட்டர். மேலே கேரியர் வைத்துவிட்டு பேஸ்மென்ட்டுக்குள் இறங்கினால் குழாய்களைத் தட்டும், போன மாதம் ஸ்பிரிங்க்ளர் குழாய் ஒன்று அப்படித்தான் வளைந்தது. யார் என்று சொல்லப்போவதில்லை, அவரே சரிசெய்து கொடுத்துவிட்டார்.

படிவம் 29, 30, 35 மூன்றிலும் பத்துப் பத்துப் பிரதி எடுத்து சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். நிரப்பத் தெரியாவிட்டால் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் வீட்டில்தான் இருப்பேன், கொண்டு வாருங்கள். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் மறக்காமல் எடுத்து வரவும்.